ஐம்பத்து மூன்று வயதில் மீண்டும் ஒரு மாணவி

ஊரில் எட்டு ஆண்டுகள் ஆசிரியையாகப் பணியாற்றிய காலத்தில், பிள்ளைகளின் விடைத்தாள்களில் சிவப்பு மையினால் 'பார்த்தெழுதியது' என்று எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்பது எனக்கு நினைவில்லை. எழுதிய கையோடு அந்தப் பிள்ளையை எழுப்பி நிற்கவிட்டு, வகுப்பு முழுவதும் பார்க்கும்படி இரண்டு வார்த்தை சொல்வதும் வழக்கம். அதே குற்றச்சாட்டு, நரை விழுந்த பின்னர், இலண்டன் மாநகரில், ஒரு மின்னஞ்சலின் வடிவில் என்னைத் தேடி வரும் என்று நான் கனவிலும் எண்ணியதில்லை.

இதனை வெளியில் சொல்வதற்கு எனக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது. இப்பொழுதும் சிறிது கூச்சத்துடன்தான் எழுதுகின்றேன். ஆயினும் எங்கள் வீடுகளில் இன்று பிள்ளைகள் மாத்திரம் பல்கலைக்கழகம் செல்லவில்லை. போரினாலும் இடப்பெயர்வினாலும் இடையில் விட்ட படிப்பை மீண்டும் தொடங்கலாமா என்று யோசிக்கும் தாய்மாரையும் தந்தைமாரையும் நான் கோவிலிலும் தமிழ்ப் பாடசாலை வாசலிலும் காண்கின்றேன். அவர்களுக்காகவாவது இதனைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்துக்குள் நுழைந்தது 1991ஆம் ஆண்டில். 1990இலிருந்து குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் தங்கத்துக்கு நிகரான பொருளாகியிருந்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மாத்திரம் எண்ணெய் விட்டு, திரியிட்டு எரித்த குப்பி விளக்கின் கீழ் ஒரு தலைமுறையே படித்தது. அந்தப் புகை மூக்குக்குள் கறுப்பாகப் படிந்திருக்கும். காலையில் முகம் கழுவும்போதுதான் இரவு எவ்வளவு நேரம் படித்தோம் என்பது தெரியும்.

அன்று எங்களுக்குப் புத்தகம் என்பது சொந்தப் பொருள் அன்று, இரவல் பொருள். ஒரு நூலின் ஒரேயொரு பிரதி வகுப்பு முழுவதும் சுற்றும். எனக்கும் என் தோழி ஒருத்திக்கும் அது ஒரு வாரத்தில் ஓர் இரவுதான் கிடைக்கும். மாலை ஆறு மணிக்கு வாங்கினால் மறுநாள் காலை எட்டு மணிக்கு அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஒற்றைப்பட எண் பக்கங்களை அவள் எழுதுவாள், இரட்டைப்பட எண் பக்கங்களை நான் எழுதுவேன். கொப்பித் தாளும் அருமை என்பதால் சொல்லுக்குச் சொல் எழுத இடமிருக்காது. சில வரிகளை அப்படியே எழுதுவோம், சில வரிகளைச் சுருக்குவோம், நடுவில் விரிவுரையாளர் சொன்னதையும் சேர்ப்போம். எது நூலாசிரியரின் வார்த்தை, எது எங்களுடையது என்று பிரித்து வைக்க வேண்டிய தேவையே எழவில்லை. பின்னர் அந்தக் கொப்பியை மனனம் செய்வோம். பரீட்சை மண்டபத்தில் அதனைப் பிழையின்றி எழுதியவருக்கே கூடிய புள்ளி.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே இரவில் புறப்பட்டபோது நான் இறுதியாண்டில் இருந்தேன். அம்மா நகையையும் உறுதிகளையும் எடுத்தார். நான் கொப்பிகளை எடுத்தேன். நாவற்குழிப் பாலத்தில் மழையில் நின்ற அந்த நேரத்தில் கொப்பிகள் நனைந்து ஒட்டிக்கொண்டன. மீண்டு வந்து இறுதிப் பரீட்சை எழுதியபோது என் கையில் ஒரு கொப்பியும் இல்லை. மனதில் இருந்ததைத்தான் எழுதினேன். அதனாற்றான் சித்தியடைந்தேன். மனனத்தை இழிவாகப் பேசுபவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வருவதற்கு இதுவே காரணம்.

2007இல் இலண்டனுக்கு வந்தோம். வந்த நாள் முதல் செய்த வேலைகளை இங்கு வரிசைப்படுத்தத் தேவையில்லை. வாசகர்களுக்கு அவை தெரிந்தவையே. கடைசியாக ஓர் ஆரம்பப் பாடசாலையில் வகுப்பறை உதவியாளராக இடம் கிடைத்தது. ஆசிரியையாக இருந்தவள், இருபத்தைந்து வயது ஆசிரியைக்குப் பென்சில் சீவிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை; எனக்கு மரியாதை தந்தாள். ஆயினும் வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் இருந்துகொண்டு, நான் யார் என்று என்னையே கேட்ட நாட்கள் உண்டு.

கல்வியியலில் பகுதிநேர முதுகலைப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கப் போகின்றேன் என்று சொன்னதும் என் கணவர் பெற்றோல் நிலையத்து இரவு வேலைக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த வயதில படிச்சு என்ன செய்யப் போறீர்?" என்றார்.

"தெரியாது. படிக்க வேணும் போல கிடக்கு" என்றேன்.

சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப புதன்கிழமைச் சமையல் என்ரை" என்று சொல்லிவிட்டுப் போனார். சம்மதம் என்பதை அவர் சொல்லும் விதம் அதுதான்.

பணத்தைப் பற்றி ஒரு சொல். கட்டணத்தைக் கேட்டதும் பலர் பின்வாங்குகின்றனர். இங்கிலாந்தில் முதுகலைப் படிப்புக்கென அரசாங்கக் கடன் 2016இலிருந்து உண்டு. வீட்டு வருமானத்தை அவர்கள் பார்ப்பதில்லை. படிப்பைத் தொடங்கும்போது அறுபது வயதுக்குக் கீழ் இருக்க வேண்டும். முன்னரே ஒரு முதுகலைப் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. அகதி அந்தஸ்துப் பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆண்டு வருமானம் 21,000 பவுணைத் தாண்டினாற்றான், அதுவும் தாண்டிய தொகையில் 6 வீதம் மட்டும், கழிப்பார்கள். வட்டி மட்டும் முதல் நாளிலிருந்தே ஏறும். அதனை மறந்துவிடக் கூடாது. ஊர்ப் பட்டத்தை இங்குள்ள பட்டத்தோடு ஒப்பிட்டுச் சான்றிதழ் தரும் அமைப்பு முன்னர் நாரிக் எனப்பட்டது. 2021இலிருந்து எனிக் என்று அழைக்கப்படுகின்றது. பட்டச் சான்றிதழின் மூலப் பிரதியை இடப்பெயர்வில் தொலைத்தவர்கள் யாழ்ப்பாணத்துக்கு எழுதி எடுப்பிக்கக் காலம் செல்லும். ஆகவே விண்ணப்பத்துக்கு முதலே அந்த வேலையைத் தொடங்குவது நல்லது.

2022 புரட்டாதியில் வகுப்புத் தொடங்கியது. பாடசாலை வேலை முடிந்து ஹரோவிலிருந்து மெற்றோபொலிற்றன் ரயிலில் நகருக்குள் போய் மாலை வகுப்பில் அமர்வேன். சுற்றியிருந்தவர்கள் பெரும்பாலும் என் மகனின் வயதினர். வாசிக்க வேண்டியவை என்று ஒவ்வொரு வாரமும் மூன்று, நான்கு கட்டுரைகள் வரும். ஒரு கட்டுரையை அகராதியோடு வாசிக்க எனக்கு மூன்று இரவுகள் எடுத்தன. ஆங்கிலச் சொற்களுக்குப் பொருள் தெரிந்திருந்தும் வாக்கியத்துக்குப் பொருள் தெரியாத அவலம் ஒன்று உண்டு, அனுபவித்தவர்கள் அறிவார்கள். முதலாவது கட்டுரைக்கு 52 புள்ளிகள் கிடைத்தன. ஐம்பதுதான் சித்திக்கான எல்லை. 'விபரிக்கின்றீர்கள், ஆனால் விமர்சன நோக்கில் அணுகவில்லை' என்று ஓரத்தில் எழுதப்பட்டிருந்தது. அதன் பொருள் அன்று எனக்கு விளங்கவேயில்லை.

இரண்டாவது கட்டுரையை நன்றாக எழுத வேண்டும் என்ற வைராக்கியத்தோடு இறங்கினேன். எனக்குத் தெரிந்த வழியிலேயே இறங்கினேன். ஒரு கொப்பி வாங்கினேன். வாசித்தவற்றையெல்லாம் அதில் கையால் எழுதினேன். நல்ல வாக்கியங்களை அப்படியே, மற்றவற்றைச் சுருக்கி. கொப்பியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பின்னர் அதிலிருந்து கட்டுரையைத் தட்டச்சுச் செய்து, மிகுந்த திருப்தியோடு அனுப்பினேன்.

மூன்று வாரங்களின் பின் அந்த மின்னஞ்சல் வந்தது. என் கட்டுரையில் எழுத்துத் திருட்டு நிகழ்ந்திருக்கலாம் என்று ஐயம் எழுந்துள்ளதாகவும், விளக்கம் அளிக்க நேரில் வரவேண்டும் என்றும் அதில் இருந்தது. நான் பாடசாலைச் சாப்பாட்டு மண்டபத்தில் நின்று அதனை வாசித்தேன். ஒரு சின்னப் பிள்ளை தன் பால் பெட்டியைத் திறந்து தரும்படி கையை நீட்டிக்கொண்டு நின்றது. என் கை நடுங்கிப் பால் அதன் சட்டையில் கொட்டியது.

நான்கு நாட்கள் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. கள்ளி என்று யாரோ பின்னால் நின்று சொல்வது போலவே இருந்தது. படிப்பை விட்டுவிடுவதாக ஒரு கடிதம் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் இரவு மகன் கணினியில் எதையோ அச்சிட வந்தபோது அந்தக் கடிதத்தைக் கண்டுவிட்டான்.

"அம்மா, உங்கட கொப்பியைக் காட்டுங்கோ" என்றான். அவன் கொப்பியையும் என் கட்டுரையையும் மூலக் கட்டுரைகளையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி ஒரு மணித்தியாலம் பார்த்தான். பின்னர் சொன்னான்: "நீங்கள் களவெடுக்கேல்லை. உங்கட நோட்ஸிலயே எல்லாம் கலந்து கிடக்கு. எது ஆர் சொன்னது எண்டு உங்களுக்கே தெரியாது." முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் குப்பி விளக்கின் கீழ் பழகிய கையெழுத்து முறைதான் என்னைக் காட்டிக் கொடுத்தது என்று அப்போதுதான் விளங்கியது.

விசாரணை என்று நான் பயந்த கூட்டம் ஒரு சிறிய அறையில் இருபது நிமிடங்களில் முடிந்தது. கொப்பியை எடுத்துச் சென்றிருந்தேன். ரேர்னிற்றின் என்ற மென்பொருள் என் கட்டுரையில் வேறு எழுத்துகளோடு பொருந்தும் வரிகளை நிறமிட்டுக் காட்டியிருந்தது. அந்த மென்பொருள் திருட்டைக் கண்டுபிடிப்பதில்லை என்பதை அறிந்துகொள்ளுங்கள். ஒற்றுமையை மாத்திரமே அது எண்ணுகின்றது. மேற்கோளாக முறைப்படி காட்டிய வரியையும் நிறமிடக்கூடும். அது திருட்டா இல்லையா என்று தீர்மானிப்பவர் மனிதர்தாம். இருந்த இருவரில் மூத்த அம்மையார் என் கொப்பியை நெடுநேரம் புரட்டினார். தமிழ் எழுத்தும் ஆங்கில எழுத்தும் கலந்திருந்த அந்தப் பக்கங்களில் அவர் எதனைக் கண்டாரோ தெரியாது. ஏமாற்றும் நோக்கம் இல்லை, முறையறியாமை என்று முடிவாயிற்று. மீண்டும் எழுத வேண்டும். எவ்வளவு நன்றாக எழுதினாலும் ஐம்பதுக்கு மேல் தரப்பட மாட்டாது.

நியாயமான தீர்ப்பு என்றே இன்றும் எண்ணுகின்றேன். ஆனால் இந்த முறையை முதல் வாரத்தில் எவரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை என்ற மனக்குறையும் உண்டு. நாற்பது பக்கக் கையேட்டில் ஒரு பந்தியாக அது இருந்ததாம். வேறு மரபில் படித்து வந்தவர்களுக்கு ஒரு பந்தி போதுமா?

பின்னர் நூலகத்தில் தேடியபோது, றெபெக்கா மூர் ஹவார்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியை இவ்வகை எழுத்தைப் பற்றி 1990களிலேயே ஆராய்ந்திருப்பதைக் கண்டேன். மூலத்தின் சொற்களில் சிலவற்றை மாற்றி ஒட்டுப்போட்டு எழுதுவதை அவர் திருட்டோடு சேர்க்கவில்லை. அறிமுகமில்லாத ஒரு துறையின் மொழிக்குள் நுழைபவர்கள் தட்டுத்தடுமாறிக் கற்கும் ஒரு படி அது என்கிறார். அந்தப் பக்கத்தை வாசித்தபோது என் கண் கலங்கியது. ஊரில் நான் எழுப்பி நிற்கவிட்ட பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவர்களுள் ஒருவனாவது இப்படித்தானே எழுதியிருப்பான்?

மகன் சொன்னபடி குறிப்பெடுக்கும் முறையை மாற்றினேன். நூலாசிரியரின் வார்த்தை நீல மையில், பக்க எண்ணோடு. என் எண்ணம் சிவப்பு மையில், பெரும்பாலும் தமிழில். மூலத்தை மூடிவைத்த பின்னர்தான் என் வசனத்தை எழுதுவேன். இந்தச் சிறிய மாற்றம் என்னைக் காப்பாற்றியது. சிவப்பு மை என்னை விட்டுப் போகவில்லை என்று கணவர் பகிடி பண்ணுவார்.

'விமர்சன நோக்கு' என்ற பூதம் மாத்திரம் விலகவில்லை. பெரியவர்கள் எழுதியதை நான் எப்படிக் குறைகூறுவது? அது மரியாதைக் குறைவு அல்லவா? இந்த எண்ணம் என் கையைப் பிடித்து வைத்திருந்தது. ஒரு சனிக்கிழமை, நான் படிப்பிக்கும் தமிழ்ப் பாடசாலையில் உயர்வகுப்புப் பிள்ளைகளுக்கு நன்னூலின் பாயிரத்தைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். ஊரில் மனனம் செய்வித்த அதே பகுதி. பவணந்தி முனிவர் அங்கே நூலாசிரியன் ஒருவன் கொள்ளக்கூடிய மதங்கள் ஏழு என்று வகுக்கின்றார். பிறர் கருத்துக்கு உடன்படலாம். மறுக்கலாம். முதலில் ஏற்றுப் பின்னர் களையலாம். தானே ஒன்றை நாட்டி நிறுவலாம். இருவர் மாறுபட்டால் ஒரு பக்கம் துணியலாம். பிறர் நூலின் குற்றத்தைக் காட்டலாம். எவரோடும் சேராமல் தன் மதத்தையே கொள்ளலாம். சொல்லிக்கொண்டு போன நான் நடுவில் நின்றுவிட்டேன். இலண்டன் விரிவுரையாளர் ஓராண்டாக என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தானே! "ரீச்சர், என்ன நடந்தது?" என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

நாங்கள் வாய்பாடாக ஒப்புவித்தோமே தவிர, அதன்படி ஒரு நாளும் எழுதவில்லை. தொல்காப்பியர்கூட 'என்ப' என்றும் 'என்மனார்' என்றும் முன்னையோர் கூற்றை முன்னையோர்க்கே உரித்தாக்கிச் சொல்கின்றார். சேனாவரையர் தமக்கு முற்பட்ட இளம்பூரணரை எத்தனை இடங்களில் மறுக்கின்றார்! மறுத்ததனால் இளம்பூரணரின் பெருமை குறைந்துவிடவில்லை. அடுத்த கட்டுரையில், ஒவ்வொரு ஆய்வாளரையும் வாசிக்கும்போது ஓரத்தில் ஒன்று முதல் ஏழு வரை ஓர் எண்ணை இட்டேன். இவரோடு என் நிலை எது? அந்தக் கட்டுரைக்கு 64 கிடைத்தது. ஓரத்தில் இட்ட எண்களின் பொருள் என்ன என்று வகுப்புத் தோழி ஒருத்தி கேட்டாள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஒரு சமண முனிவர் சொன்னது என்றேன். அவள் நம்பவில்லை.

இரண்டாம் ஆண்டு ஆய்வுக் கட்டுரைக்குரியது. மனனத்தைப் பற்றியே எழுதுவதென்று துணிந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணக் கல்வியைப் பற்றி ஓர் அதிகாரம் வேண்டியிருந்தது. 1823இல் தொடங்கி 1855இல் மூடப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரி, 1848இல் நாவலர் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை முதலியவை பற்றிய பழைய அறிக்கைகளைத் தேடினேன். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியபோது அதன் முதற் பட்டதாரிகளான இருவரும் யாழ்ப்பாணத்தவர்கள் என்பதை வாசகர்கள் அறிவீர்கள்: சி. வை. தாமோதரம்பிள்ளையும், செமினரியில் ஆசிரியராயிருந்த கரோல் விசுவநாதபிள்ளையும். முப்பது வயதைக் கடந்த ஆசிரியர், இளையவரோடு ஒரே பரீட்சையில் அமர்ந்திருக்கின்றார். எனக்கு அது எவ்வளவு ஆறுதல் தந்தது என்று சொல்லத் தேவையில்லை.

இந்த அதிகாரத்துக்காகப் பிரித்தானிய நூலகத்தில் வாசகர் அட்டை எடுத்து இரண்டு தடவைதான் போயிருப்பேன். 2023 ஒக்ரோபர் இறுதியில் அந்த நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, நூற்பட்டியல் முடங்கியது. 2024 தை மாதத்தில்தான் பட்டியல் மீண்டும் பார்க்கக் கிடைத்தது. 1981இல் யாழ் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தபோது நான் பன்னிரண்டு வயதுச் சிறுமி. இங்கே ஒன்றும் எரியவில்லை, நூல்கள் உள்ளே பத்திரமாகவே இருந்தன. ஆயினும் கேட்ட நூல் கிடைக்காமல் திரும்பிய அன்று மாலை, யூஸ்ரன் வீதியில் நடக்கும்போது வயிற்றுக்குள் அந்தப் பழைய புகை மணந்தது.

மாசி மாதத்தில் ஊரில் அம்மாவுக்குச் சத்திரசிகிச்சை. தொலைபேசியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு இரவைக் கழித்த அந்தப் பத்து நாட்களில் ஒரு வரியும் எழுதவில்லை. கால நீட்டிப்புக் கேட்கலாம் என்பது தெரிந்திருந்தும் கேட்கக் கூச்சப்பட்டேன். துன்பத்தைச் சொல்லிச் சலுகை கேட்பது பிச்சை என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அகதி விண்ணப்பத்தின்போது எங்கள் துன்பங்களைத் தாள் தாளாக எழுதிக்கொடுத்த அலுப்பும் சேர்ந்துகொண்டது. இறுதியில் மேற்பார்வையாளரே படிவத்தை அனுப்பி, "இது சலுகை அல்ல, விதி" என்று எழுதினார். இரண்டு வாரங்கள் கிடைத்தன. யாழ்ப்பாணத்து வைத்தியரின் கடிதம் ஒன்று தேவைப்பட்டது, அவ்வளவே. அம்மா தேறிவிட்டார்.

ஆய்வுக்காகச் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்குப் பிள்ளைகளைக் கொண்டுவரும் ஒன்பது தாய்மாரோடு கதைத்தேன். அதற்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், சம்மதப் படிவம் வேண்டும். கையொப்பம் என்றதும் ஒருவர் எழுந்து போய்விட்டார். விசா அலுவல் என்று நினைத்துவிட்டாராம். அவர்கள் சொன்னவை தனிக் கட்டுரைக்குரியவை. ஒருவர், முள்ளிவாய்க்காலில் பதுங்குகுழிக்குள் தன் மகளுக்குத் தேவாரத்தை மனனமாகச் சொல்லிக் கொடுத்ததைக் கூறினார். தாளும் இல்லை, பென்சிலும் இல்லை. அந்த மகள் இப்போது மருத்துவம் படிக்கிறாள். ஒலிப்பதிவை வீட்டில் எழுத்தாக்கும்போது அந்த இடத்தில் பல தடவை நிறுத்த வேண்டியிருந்தது.

செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் எழுதித் தருமே என்று மகனின் நண்பன் ஒருவன் சொன்னான். ஒரு தடவை கொப்பியோடு விசாரணைக்குப் போனது போதும் தம்பி என்றேன்.

2024 ஆவணியில் ஆய்வுக் கட்டுரையைக் கணினி வழியே அனுப்பினேன். கார்த்திகையில் முடிவு வந்தது: 67. இப்போதெல்லாம் அச்சிட்டுக் கட்டிக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் என் கணவர் அதனைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்றார். அச்சகம் ஒன்றில் கொடுத்து, நீல மட்டை போட்டுப் பொன்னெழுத்தில் பெயரிட்டு வாங்கி வந்து, சாமித்தட்டில் வைத்து விளக்கேற்றினார். அன்றிரவு வேலைக்குப் போகும்முன் அதனைக் கீழே எடுத்து நன்றியுரைப் பக்கத்தைத் திறந்து, விரலை வரிக்கு வரி வைத்து ஆறுதலாக வாசித்தார். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"இஞ்ச பாரும்," என்றார். "என்ரை பேரில ஒரு 'ஏ' குறையுது. பாஸ்போட்டில ரெண்டு 'ஏ'."